படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது

பெங்களூரு
18 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அர்ஜுனன் எழுதுவது. நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தர்ஷினிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா?

வாட்ஸ்அப்பில் 'ம்' என்று ஓரெழுத்துப் பதில் போடுகிறவன், சிறைக்கு வந்து முழுநீளக் கடிதம் எழுதுகிறேன். இங்கே வாரத்துக்கு இரண்டு தடவை ஐந்து நிமிடம் போன் பேசலாம். மூன்று தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்று விட்டிருப்பாய். தமிழ்க் கடிதங்களைப் படித்துப் பார்த்து வெளியே விட இங்கே ஒரே ஒரு வார்டர்தான், அவரும் கோலார்க்காரர். அவர் லீவில் போனால் என் கடிதமும் லீவில் போகும். தாமதமானால் பயப்படாதே.

வக்கீல் நிருபமா மேடம் நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதச் சொன்னார். உனக்கும் எழுதுகிறேன், சரியா பார். மே 27, சனிக்கிழமை. சாயங்கால ஆட்டத்துக்காகக் காலையில் நீ ஹாலைத் திறந்து பெருக்கினாய். பரணிலிருந்து நம் ஜாம்பியாப் பையன் டிரேவரின் மேளப் பையை இறக்கித் தலைகீழாகத் தட்டினாய். மேளமும் ஒரு துண்டும் தவிர உள்ளே எதுவும் இல்லை. மத்தியானம் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் கரண்ட் லைன் பார்க்க வேண்டும் என்று உன்னிடம் சாவி வாங்கிப் போனார்கள். சாயங்காலம் நாம் ஆடிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்து, அதே பையிலிருந்து ஒன்றரைக் கிலோ கஞ்சா எடுத்தது. டிரேவர் முதல் குற்றவாளி, நான் இரண்டாவது.

மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. பையைக் கடைசியாகப் பார்த்தவள் நீ. அன்று ஸ்டேஷனில் நீ இதை எல்லாம் சொன்னாய் அல்லவா? எழுதிக்கொண்டார்கள் அல்லவா? அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம் என்கிறார் மேடம்.

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
அர்ஜுனன்


ஆனேக்கல்
9 ஜூலை 2023

என் அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு,

அக்கா ஜெயலட்சுமி ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கே நானும் தர்ஷினியும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராகி முத்தை, அந்தக் களி உருண்டைதான் போடுகிறார்களாமே, உனக்குத் தொண்டையில் இறங்காதே.

முகவரியைப் பார்த்திருப்பாய். ஜீவனஹள்ளி வீட்டைக் காலி செய்துவிட்டோம். வீட்டுக்காரர் நேராக ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். இங்கே ஒரே அறை, ஆனால் ஜன்னல் இருக்கிறது. பொம்மசந்திராவில் மருந்து அட்டை அடுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. நின்றுகொண்டே செய்ய வேண்டும். சாயங்காலம் முழங்கால் வீங்கிவிடுகிறது. உமா அக்கா என்று ஒருத்தி கற்பூர எண்ணெய் தருகிறாள்.

தர்ஷினிக்கு இங்கே கன்னட மீடியத்தில் இடம் கிடைத்தது. ஏழாம் வகுப்பு. எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், உள்ளே விடுவார்களா என்று கேட்டுச் சொல்.

ஞாயிறு தவிர லீவு இல்லை. உங்களை ஞாயிற்றுக்கிழமை மனு போட்டுப் பார்க்க விடுவதில்லையாம். அதனால்தான் வர முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பெங்களூரு
30 ஜூலை 2023

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஊறுகாய் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டேஷனில் என்ன சொன்னாய்?

டிரேவர் வெளிநாட்டுக்காரர்கள் பகுதியில் இருக்கிறான். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது பார்க்கலாம். ஜாம்பியாவில் அவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம், பரீட்சை என்று சொல்லி வைத்திருக்கிறான். உள்ளே இருக்கும்போதே அவன் விசா முடிந்துவிட்டது. அதனால் ஜாமீன் கிடையாது, ஓடிவிடுவானாம். எனக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள், சொந்த நிலம் உள்ள ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஹால் சொந்தக்காரர் சீனிவாசராகவன் சாரைக் கேட்டுப் பார்.

அவனுக்காக நான் மனு எழுதும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. வட்டத்தில் நடுவில் நிற்பவர் போடும் அடியை மற்றவர்கள் அப்படியே போட வேண்டும், யாரும் திருத்தக் கூடாது என்பதுதானே நம் ஒரே சட்டம். ஒரு நாள் நீ துடைப்பத்தோடு ஓரமாகப் போனாய். டிரேவர்தான் உன்னைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினான். நீ வெட்கப்பட்டு, காலை இழுத்து இழுத்து நாலு எட்டு வைத்தாய். பியூட்டி பார்லர் டீனா, கறிக்கடைப் பையன்கள், வாத்தியார் வீட்டு மாமி, நாற்பது பேரும் காலை இழுத்தார்கள். அன்று நீ சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பதில் போடு, அக்கா.
அர்ஜுனன்


ஆனேக்கல்
22 அக்டோபர் 2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதியது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குச் சாமியைக் கும்பிடுகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. கம்பெனியில் ஓவர்டைம்.

சீனிவாசராகவன் சாரைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அவர்கள் தாத்தா மைசூர் சர்க்காரில் இருந்த கதை எல்லாம் சொன்னார். அவர் மனைவி கோமளம் அம்மாளும் பக்கத்தில் இருந்தார். கடைசியில், "அர்ஜுனன் நல்ல பையன்தான் ஜெயா, எனக்குத் தெரியாதா? அந்த நீக்ரோ கூட சேராம இருந்திருந்தா நானே வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். 'இல்லை' என்பதை நல்ல தமிழில் சொல்ல அவரைப் போல ஆள் கிடையாது.

வேறு மூன்று பேரைக் கேட்டேன், யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. டீனா அறையைக் காலி செய்துகொண்டு இம்பாலுக்கே போய்விட்டாளாம். மற்றவர்கள் வழியில் பார்த்தால் போனைப் பார்க்கிறார்கள். தர்ஷினி ஆடுவதை விட்டுவிட்டாள்.

மற்ற ஆட்களை ஏற்றக் கம்பெனி வேன் தினமும் ஓசூர் ரோட்டில் நீ இருக்கிற பக்கம் திரும்பும் வளைவைத் தாண்டித்தான் போகிறது. அந்த இடம் வரும்போது நான் வலது பக்கம் பார்ப்பதில்லை.

குளிர் வருகிறது. போர்வை அனுப்பியிருக்கிறேன்.
அக்கா


பெங்களூரு
12 நவம்பர் 2023

அக்கா,

போர்வை வந்தது. தீபாவளிக்கு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.

குற்றப்பத்திரிகை நகல் என் கைக்கு வந்துவிட்டது. கன்னடத்தில் எழுபது பக்கம். நாற்பத்தொன்றாவது பக்கத்தில் ஒரு வாக்குமூலம். பையை டிரேவர் யாரையும் தொட விட்டதில்லை, சனிக்கிழமைகளில் அவன் பையன்களுக்குப் பொட்டலம் கொடுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பயத்தால் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறது. கரண்ட் பார்க்க வந்தவர்கள் எங்கேயும் இல்லை. சாவி இல்லை. கடைசி வரி, 'படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.' அதற்குக் கீழே தமிழில் மு. ஜெயலட்சுமி. 'ஜெ'யின் கொம்பை நீ எப்போதும் போடுவது போலவே பெரிதாகப் போட்டிருக்கிறாய்.

இது உன் கையெழுத்தா?

அர்ஜுனன்


ஆனேக்கல்
21 ஜனவரி 2024

தம்பிக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பொங்கல் கழியட்டும் என்று காத்திருந்தேன். பொங்கலும் கழிந்துவிட்டது.

அது என் கையெழுத்துதான்.

அன்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையைத் தட்டியதை, சாவியை, வந்த இரண்டு பேரை. அந்த எழுத்தர் போலீஸ் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நான் பேசும் கன்னடத்தைக் கேட்டு, மைசூர்ப் பக்கமா என்றுகூடக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பேப்பரைத் திருப்பி வைத்து, "ஓதி ஸைன் மாடம்மா" என்றார், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று. எனக்குச் சற்று முன்னால் பூக்கார ருக்கு கையெழுத்துப் போட வந்திருந்தாள். படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அங்கே இருந்தவர்கள் எல்லாம், "எஷ்டு வர்ஷா ஆய்து இல்லி? நம்ம நீரு குடீத்தீரா, நம்ம அக்ஷரா பேடவா?" என்று சிரித்தார்கள். இத்தனை வருஷமாக எங்கள் தண்ணீரைக் குடிக்கிறாய், எங்கள் எழுத்து வேண்டாமா என்று. உனக்கே தெரியும், நான் படித்தது தமிழ் ஸ்கூலில் ஐந்தாவது வரை. நீ கன்னட ஸ்கூலுக்குப் போனாய். பிறந்ததிலிருந்து கன்னடம் பேசுகிறேன், பஸ் போர்டில் நம்பரைத்தான் பார்த்து ஏறுகிறேன். யாருக்கும் தெரியாது.

அந்தப் பேப்பரைக் கையில் எடுத்தேன். படிக்கிறவர்கள் எப்படிப் படிப்பார்களோ அப்படி, வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். பக்கத்தைக்கூடத் திருப்பினேன், அர்ஜுனா. நடுவில் ஒரு இடத்தில் தலையை ஆட்டினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னதைத்தானே எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஜூன் மாதமே வக்கீலம்மா எனக்குப் படித்துக் காட்டிவிட்டார், உன்னிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். இனி மாற்றிச் சொன்னால் பொய்சாட்சி என்று என் மேல் வழக்கு வரலாம் என்றும் சொன்னார். தர்ஷினியை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். உன் போன் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிரேவர் முதலில் வந்தபோது ஹாலில் அவனுக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்தேன். நம் அப்பாவுக்கு ஊர் டீக்கடையில் எடுத்துவைத்த டம்ளரை நான் அவனுக்கு எடுத்துவைத்தேன். அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் என்னை நடுவில் நிறுத்தினான். போலீஸ் எழுதியது என் வார்த்தை இல்லை. ஆனால் அவனைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் நம்பியிருக்கக்கூடியவள்தான் நான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.
ஜெயலட்சுமி


பெங்களூரு
18 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வார்டர் அதைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிரேவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "உன் அக்காவுக்கு வெட்கம், அதுக்கு எனக்கு ஜெயிலா?" என்று இங்கிலீஷில் கேட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. மனு எழுத வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். அந்த ஆள் தப்பும் தவறுமாக எழுதுகிறான்.

தெரியாது என்று ஒரு வார்த்தை, அக்கா. சிரித்திருப்பார்கள், அவ்வளவுதானே. ருக்குவைப் பார்த்துச் சிரித்தார்கள், அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டாள்.

இனி எழுத வேண்டாம்.
அர்ஜுனன்


ஆனேக்கல்
2 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நாலு மாதம் பொறுத்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சுகம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். ஒன்றாம் வகுப்புக் கன்னடப் புத்தகம் பழைய கடையில் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தர்ஷினி டீச்சர், நான் மக்கு மாணவி. 'ஜ'வும் 'ஐ'யும் எனக்கு இன்னும் குழம்புகிறது. ஸ்கேலால் அடிக்கிறாள், நிஜமாகவே வலிக்கிறது. இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். கம்பெனியில் எச்சரிக்கைப் பலகை படிக்கிறேன். இத்தனை நாள் நான் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் உட்காரக் கூடாது என்று எழுதியிருக்கிறது.

நிருபமா மேடத்திடம் நகல் வாங்கி நாற்பத்தொன்றாவது பக்கத்தை நானே படித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அன்று மேடம் படித்துக் கேட்டபோது அழுதிருந்தேன். நானே படித்தபோது அழுகை வரவில்லை, மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன்.

ஆகஸ்ட் 7 எனக்குச் சாட்சி தேதி. நான் போய்ச் சொல்லப்போகிறேன். படிக்கத் தெரியாமல் தெரிந்தது போல நடித்தேன் என்று அவ்வளவு பேர் முன்னால் சொல்கிறேன். என் மேல் வழக்குப் போட்டால் போடட்டும். தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உமா அக்கா அவளைப் பார்த்துக்கொள்வாள்.

டிரேவரிடம் சொல்.
அக்கா


பெங்களூரு
30 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. உன்னை ஸ்கேலால் அடிக்கும் அந்த டீச்சருக்கு என் முத்தம்.

கோர்ட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அவசரப்படாதே. அரசு வக்கீல் சத்தம் போடுவார், நீதிபதியைப் பார்த்துப் பேசு. பையை எப்படித் தட்டினாய் என்று கையாலேயே செய்துகாட்டு. ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு போ, கிட்டத்தில் உனக்குச் சரியாகத் தெரிவதில்லை.

டிரேவரிடம் சொன்னேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவை என் பக்கம் திரும்பினான். "வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னான். இளைத்துவிட்டான், அக்கா. ஏப்ரலில் அவன் அம்மாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து அந்த அம்மா படுக்கையில்.

வெளியே வந்தால் வட்டத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஹால் கிடைக்காவிட்டால் மைதானம். இங்கே வந்தபிறகு அப்படி ஒரு நினைப்பு வருவது இதுதான் முதல் தடவை.

அர்ஜுனன்


ஆனேக்கல்
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

இதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஆனாலும் என் பக்கத்தை எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன், தர்ஷினி இஸ்திரி போட்டுக் கொடுத்த புடவை. கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த கேஸ் பட்டியலில் உங்கள் பெயரை நானே தேடிக் கண்டுபிடித்தேன். என்னைக் கூப்பிடுவார்கள் என்று ஒன்றரை மணி வரை வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு மேடம் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரேவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டானாம். பை என்னுடையது, கஞ்சா என்னுடையது, அர்ஜுனனுக்கு ஒன்றும் தெரியாது என்று. வழக்கை நடத்தினால் இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம். ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த பதினாலு மாதத்தையே தண்டனையாக வைத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில்தான் முடிவு செய்தானாம். சாட்சி தேவைப்படவில்லை, நீங்கள் போகலாம் என்றார் மேடம்.

அவனைக் கூட்டிக்கொண்டு வராந்தா வழியாக என் எதிரே வந்தார்கள். நான் எழுந்து, "சொல்லத்தான் வந்தேன்பா" என்றேன். அவன் நின்றான். ஹாலில் பையன்களிடம் கற்ற அந்தத் தமிழில்தான் சொன்னான்: "அக்கா, எங்கம்மா சாவுறாங்க. உங்க உண்மைக்கு டைம் இல்ல."

போலீஸ்காரர் தோளைத் தொட்டார், போய்விட்டான்.

நீ விடுதலை ஆகிறாய். சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்கு வா, அர்ஜுனா. உனக்குப் பாய் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜீவனஹள்ளி
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் தர்ஷினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் எப்படி?

வெளியே வந்து மூன்று மாதமாகிறது. கையில் போன் இருக்கிறது, ஆனேக்கலுக்கு பஸ் இருக்கிறது. ஆனாலும் கடிதம்தான் எழுத வருகிறது. நேரில் வந்தால் நீ சோறு போடுவாய், நான் சாப்பிடுவேன், இதைச் சொல்ல மாட்டேன்.

டிரேவர் ஜாம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் அம்மாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் கழித்து. இந்தியாவுக்குள் இனி அவன் வர முடியாது. நான் அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அவன் மேளம் ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாகக் கிடக்கிறது.

எனக்கு வேலை இல்லை. கல்யாண வீடுகளில் ஆடச் சொல்லிக்கொடுத்தவனை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. மைதானத்தில் இரண்டு சனிக்கிழமை நின்றேன். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் நானும் ஒரு நாயும்.

போன வாரம் சீனிவாசராகவன் சார் கூப்பிட்டார். குடியிருப்போர் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாலில் டான்ஸ் கிளாஸ் வேண்டுமாம், நான்தான் வேண்டுமாம். "பழசெல்லாம் மறந்துடலாம்ப்பா" என்றார். ஒரு ஒப்பந்தம் நீட்டினார், கன்னடத்தில் இரண்டு பக்கம். சங்கத்துக் குடும்பங்களைத் தவிர வெளியாட்கள், குறிப்பாக அயல்நாட்டவர், உள்ளே வரக் கூடாது. மேளம் கூடாது. ஐந்தாவது வரியில், முன்பு இந்த ஹாலில் நடந்த குற்றத்துக்கு அந்த அயல்நாட்டவரே முழுப் பொறுப்பு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அதே வரி: படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கரண்ட் பார்க்க வந்த இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எனக்குப் பேனா கொடுத்தார்.

உன்னை என்னவெல்லாம் கேட்டேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். எனக்கு எல்லாம் தெரியும், அக்கா. நல்ல கன்னடம், ஒரு தப்பில்லை. மூன்று தடவை படித்தேன். நீ படிக்கத் தெரியாமல் போட்டாய். நான் படித்துவிட்டுப் போட்டேன்.

கிளாஸ் திங்கட்கிழமை ஆரம்பம். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், நான் முன்னால் நிற்பேன். தர்ஷினியிடம் இதைச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவன்,
அர்ஜுனன்